பீப்பாய்க்காரர் வம்சத்து நாற்காலி

என் பெரியப்பா பிளம்பர். ஊரில் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். கப்பலில் அவர் வேலை பார்த்ததில்லை. ஏறியதுகூட இல்லை, படகைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்திய தாத்தா ஒருவர் பிரான்ஸிலிருந்து முதல் கப்பலில் வந்து இந்த ஊர்க் கரையில் இறங்கினார் என்பதற்காக வந்த பெயர் அது. ஊர் வைத்த பெயர் என்று பெரியப்பா சொல்வார். அவரே வைத்துக்கொண்டு ஊரைப் பழக்கிவிட்டார் என்பது பெரியம்மாவின் கட்சி.

நான் பெரியம்மாவின் தங்கை மகள். எனக்கும் கப்பலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. படிக்க வந்து அவர்கள் வீட்டில் தங்கினேன். படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது, நான் மட்டும் நகரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இருவரும் சாப்பாட்டு மேசையில் போடும் சண்டையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசும் கிடையாது.

பெரியப்பா வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று தெரிந்துகொள்ள, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டிலிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு சாக்பீஸால் சுவரில் ஒரு வட்டம் போடுவார். பாதி நாள் அந்த வட்டத்துக்குள்தான் கசிவு இருக்கும். மீதி நாள் சுவரெல்லாம் வட்டமாகி, வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். பெரியப்பா அலட்டிக்கொள்ள மாட்டார். குழாயின் மரையில் சணலைச் சுற்றி, பெயிண்டைத் தடவி, எல்போ வளைவை முறுக்கிக்கொண்டே கதையை ஆரம்பிப்பார்.

"நடுக்கடல். தண்ணிப் பீப்பாயெல்லாம் ஒழுகுது. கப்பல்ல அதிகாரி இருக்கார், பாதிரியார் இருக்கார், வைத்தியர் இருக்கார். ஒருத்தருக்கும் ஒழுகலை அடைக்கத் தெரியல. எங்க பெரியவர்தான் பீப்பாய் செய்யறவர். அன்னைக்கு அவர் மட்டும் அடைக்கலைன்னா இந்த ஊரே கிடையாது, தெரியுமா?"

"அது சரி, எங்க வீட்டுக் குழாயை இன்னைக்கு அடைச்சுடுவீங்கள்ல?" என்பார் வீட்டுக்காரர்.

கதை முழுப்பொய் இல்லை. அந்தப் பெரியவர் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பீப்பாய் செய்து கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. கூட வந்தவர்களில் பாதிப் பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. இவர் எப்படியோ பிழைத்துக் கிடந்தார். ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பிப் போகக் கப்பல் இல்லை. கப்பல் வந்தபோது இவருக்குப் போக மனசில்லை. கரையோரம் மரத்தால் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அங்கிருந்து பெரியப்பா வரைக்கும் எட்டுத் தலைமுறை. இடையில் கொடி மாறியது, ஆட்சி மாறியது, வீட்டில் பேசும் பேச்சும் மாறிவிட்டது. பிரெஞ்சு என்று அந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பது பெரியப்பாவின் மூக்கு ஒன்றுதான் என்பாள் பெரியம்மா.

அந்தக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் என்று ஊரில் பதினான்கு குடும்பங்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. துறைமுகத் தெருவில் ஒரு பழைய கிடங்கின் மாடி சங்கத்துடையது. கப்பல் வந்து சேர்ந்த தேதியில் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பகல் விருந்து நடக்கும். ஒரே நீள மேசை. யார் எங்கே உட்காருவது என்பதில் தயவு தாட்சண்யம் கிடையாது. கப்பலிலிருந்து முதலில் கரையில் கால் வைத்தவரின் வாரிசுக்கு முதல் நாற்காலி, கடைசியாக வைத்தவரின் வாரிசுக்குக் கடைசி நாற்காலி. கப்பல் தலைவரின் வம்சம் முதலில். இரண்டாவது பாதிரியாருடையது, வாரிசு இருக்கக் கூடாத உத்தியோகம் என்பதால் அது எப்போதும் காலி, மரியாதைக்காக மட்டும் போட்டு வைப்பார்கள். ஒரு வருஷம் யாரோ ஒருவர் பாதிரியார் வாரிசு என்று வந்து நின்றதாகவும், அவரை அவசர அவசரமாகப் படியிறக்கிவிட்டதாகவும் பெரியம்மா சொல்வாள். அதை நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது வைத்தியருடையது. அவருடைய வாரிசு இன்றைக்குப் பல் டாக்டர், சங்கத்தின் தலைவரும் அவரே. என் கடைவாய்ப் பல் இரண்டை அவர்தான் பிடுங்கினார், அந்த ஞாபகத்தோடுதான் நான் இதை எழுதுகிறேன். பீப்பாய்க்காரருக்குப் பதினோராவது இடம். சமையற்கட்டிலிருந்து தட்டு வரும் கதவுக்கு நேர்முன்னால் அந்த நாற்காலி. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும். பெரியப்பா அந்த இடியை மரியாதை மாதிரி வாங்கிக்கொள்வார்.

சூப் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நாற்காலிக்காரரும் எழுந்து நின்று தன் வரிசையைச் சொல்ல வேண்டும். கப்பலில் வந்தவரில் தொடங்கித் தன்வரைக்கும், சொந்தப் பெயர் இல்லாமல், குடும்பத்தில் அழைத்த பெயரால், காகிதம் பார்க்காமல். முன்பெல்லாம் பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் செத்துப்போனதில் விதியும் கூடவே போய்விட்டது. சொல்ல ஆளில்லாத குடும்பத்தின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே கிடங்கில் மூட்டைகளோடு போட்டுவிடுவார்கள். அதற்கு நாற்காலி இறங்குவது என்று பெயர். பதினான்கில் ஐந்து இறங்கிவிட்டன. அந்த இடங்களை நெருக்கி உட்கார்ந்து மூடுவதும் கிடையாது. மேசையில் அங்கங்கே பல் போன மாதிரி இடைவெளி, தலைமையில் பல் டாக்டர்.

நாற்காலி கப்பல் ரத்தத்துக்குத்தான். கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வராந்தாவில் ஒரு மேசை. டிரைவர்கள், குழந்தைகள், மனைவிமார்கள், ஒன்றிரண்டு மாப்பிள்ளைகள். சாப்பாடு அதேதான், கொஞ்சம் ஆறியிருக்கும்.

பெரியம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள். அவர்கள் கல்யாணமே பஸ்ஸில் நடந்தது மாதிரிதான். பெரியப்பா நீளக் குழாய்களோடு கூட்ட நேரத்தில் பஸ் ஏறுவார், பெரியம்மா இறக்கிவிடுவாள். மறுநாளும் ஏறுவார். குழாயை வெட்டி எடுத்து வந்தால் இடம் தருவேன் என்றாள் ஒருநாள். வெட்டி எடுத்து வந்துவிட்டார். வெட்டின குழாயை ஒட்டுவதற்கு எத்தனை ஜாயிண்ட் தேவைப்பட்டிருக்கும் என்று பிற்பாடு அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.

சிரிக்காமல் சொன்னது ஒன்று உண்டு. கல்யாணமான வருஷம் அவளை விருந்துக்குக் கூட்டிப் போனார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். வராந்தாவில் ஒரு ஸ்டூலைக் காட்டி, இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று பெரியப்பா உள்ளே போய்விட்டார். சாப்பாடு முடிந்துதான் வெளியே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். வரிசையைத் தடுக்காமல் சொன்னாராம்.

"விதின்னா விதி. நான் சண்டை போடச் சொல்லல" என்றாள் பெரியம்மா என்னிடம். "'இவ எங்க உக்காரணும்'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டுட்டு, அவங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஸ்டூல்லயே உக்காந்து ரெண்டு தட்டு சாப்பிட்டிருப்பேன். அவருக்குக் கேக்கணும்னே தோணல பாரு."

அதன் பிறகு அவள் அந்த மாடிப்படி ஏறவில்லை. இதற்காக அவரோடு முகம் தூக்கிக்கொண்டதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர் கோட்டைத் தேய்த்துக் கொடுப்பாள், முணுமுணுத்துக்கொண்டே. வஞ்சம் தீர்க்க அவளுக்கு வேறு வழி இருந்தது. பெரியப்பா வருஷம் முழுக்க வரிசையை மறக்காமலிருக்கச் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்ப்பார். அங்கே வைத்துக்கொள்வாள்.

"பீப்பாய்க்காரர். அவர் மகன் ஒற்றைக்காதர், ஆங்கிலேயனோட சண்டையில காதைக் கொடுத்தவர்..."

"ஆடு கடிச்சதுன்னு உங்க அம்மா சொன்னாங்க."

"ஆடு கடிக்குமா காதை?"

"நின்னுக்கிட்டே தூங்கினா கடிக்கும். அது கெடக்கட்டும், ஒற்றைக்காதருக்கு அம்மா யாரு? பீப்பாய்லேருந்தா வந்தார்? நிக்காம போயிட்டே இருக்கீங்களே, நடுவுல ஸ்டாப் இல்லையா?"

பெரியப்பா தலையைச் சொறிவார். வரிசையில் பெண்கள் கிடையாது. ஆனால் கதையில் உண்டு. அவருடைய அம்மா சொன்ன கதைகள். பீப்பாய்க்காரரின் மனைவி பிரான்ஸில் அனாதை இல்லத்தில் வளர்ந்த பெண். பின்னால் வந்த கப்பலில், குடியேறியவர்களுக்குக் கட்டிவைக்க என்று சில பெண்களை அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு உடுப்பு, ஊசி நூல். கரையில் அவர்களை வரிசையாக நிற்க வைத்து ஆண்கள் வேடிக்கை பார்த்தார்களாம். பீப்பாய்க்காரர் மட்டும் ஒரு காலிப் பீப்பாயைக் கவிழ்த்து, உட்கார்ந்துகொள் என்று ஒரு பெண்ணிடம் சைகை காட்டினார். உட்கார்ந்தவள் அவரையே கட்டிக்கொண்டாள்.

இதைக் கேட்ட அன்று பெரியம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த ஆளுக்குத் தோணியிருக்கு பாருங்க" என்றாள். பெரியப்பா குழம்பு நன்றாயிருக்கிறது என்றார்.

இப்படியே முப்பது வருஷத்தில் வரிசையின் இடைவெளிகளையெல்லாம் அவள் நிரப்பிவிட்டாள். பெரியப்பாவுக்கு ஒரு வரிசை, பெரியம்மாவுக்கு ஒரு வரிசை. இவருடையது கோட்டு போட்டது, அவளுடையது வீட்டு உடுப்பில் இருப்பது.

பெரியப்பாவின் குரல் கரகரத்தபோது பெயிண்ட் நெடி என்றார். பிறகு குளிர் என்றார். கடைசியில் டாக்டர், தொண்டையில் கட்டி என்றார். குரல்வளையோடு எடுத்தால்தான் ஆள் பிழைப்பார். எடுத்தார்கள். கழுத்தடியில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஆள் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. எங்கள் வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

உடம்பு தேறியதும் வேலைக்குக் கிளம்பினார். பிளம்பருக்குக் குரல் எவ்வளவு தேவை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கீழே அவர் குழாயோடு இருப்பார். மேலே தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் வால்வைத் திறந்து மூட வேண்டும். திற, மூடு, கொஞ்சமாகத் திற, ஐயோ மூடு என்று கத்தித்தான் ஆக வேண்டும். முதல் நாள் கத்த முடியாமல் ஒரு வீட்டுக் கூடத்தையே குளமாக்கிவிட்டு, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். மறுநாள் பெரியம்மா கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள். அவர் கையைக் காட்டுவார், அவள் குரல் கொடுப்பாள்.

"மேல யாரு? தொற! போதும்! மூடு, மூடு, மூடுங்கறேன்ல!"

மூன்று தெருவுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு எந்தக் கூடமும் குளமாகவில்லை. வீட்டுக்காரர்கள் பெரியப்பாவைக் கூப்பிடும்போது, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

சில மாதம் கழித்து டாக்டர் அவர் கழுத்துக்குள் சின்னதாக ஒன்றைப் பொருத்தினார். விரலால் துளையை அடைத்தால் காற்று அதன் வழியாகப் போய்ப் பேச்சாக வருமாம். அது என்ன என்று பெரியப்பா சைகையில் கேட்டார். காற்று ஒரு பக்கம் போகும், மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வராது, ஒருவழி வால்வு என்றார் டாக்டர். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தானே பம்புக்கு எத்தனையோ மாட்டியிருக்கிறார்! வீடு வந்து சேரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஆனால் பேசமாட்டேன் என்றுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் போய் வருவார், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு உள்ளே பழகுவார். எங்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் எனக்குக் கேட்டுவிட்டது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வருமே, அந்தச் சத்தம். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல்தான் வந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்ததும் காது சிவந்துபோனார். பெரியம்மாவிடம் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்டக்டர் வேலை பார்க்கிற காலத்திலேயே அவளை மயக்கின குரல் என்ற நினைப்பு அவருக்கு. பாவம், ஆண்பிள்ளைகளின் வீம்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது.

விருந்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பல் டாக்டர் பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஒன்றும் வலிக்காது என்பாரே, அதே குரலில் பேசினார்.

"நீங்க சிரமப்பட வேணாம். உங்களால இனிமே வரிசை சொல்ல முடியாது. உங்களுக்குப் பின்னாலயும் யாரும் இல்ல. இந்த வருஷம் எல்லாருமா சேர்ந்து மரியாதையோட நாற்காலியை எறக்கிடலாம்னு இருக்கோம். நானே ரெண்டு வார்த்தை பேசறேன்."

பெரியப்பா தலையாட்டினார். சரி என்றுதான் ஆட்டினார். ஆனால் மேசைமேல் இருந்த அவர் கை, பிஸ்கட் பெட்டியின் ரிப்பனைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. எட்டுத் தலைமுறை தன் வாயில் வந்து நின்றுபோகிறது என்று ஒரு மனிதர் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அந்த நாற்காலியின்மேல் மதிப்பே கிடையாது. இருந்தும் பிஸ்கட் பெட்டியைப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றியது.

அந்த வரிசையை முப்பது வருஷமாகக் கிழிகிழி என்று கிழித்த பெரியம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

"யாராலயும் முடியாதுன்னு யார் சொன்னா? நான் சொல்றேன்."

"நீங்க கப்பல் இல்லையேம்மா."

"அவர் வேலை செய்யற எடத்துல நான்தான் அவர் வாய். ஊரே ஒத்துக்கிட்டுது. ஒங்களுக்கு மட்டும் ஆகாதா? டாக்டர் சார், அவர் போனதுக்கப்புறம் நாற்காலியை எறக்குங்க, ஒடைங்க, அடுப்புல போடுங்க. உக்காந்திருக்கற ஆளுக்கு அடியிலேருந்து உருவறது என்ன மரியாதை?"

பல் டாக்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, கமிட்டியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டி தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டது. வரிசை தடுக்காமல் வந்தால் நாற்காலி இருக்கும். தடுக்கினால் அன்றைக்கே இறங்கும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. பெரியம்மா கோட்டு போட்ட வரிசையைச் சொல்ல, பெரியப்பா விரல்விட்டு எண்ணித் திருத்துவார். அதுதான் அவளுக்கு வரவில்லை. ஒற்றைக்காதருக்குப் பின்னால் எழுத்தருக்குப் போய்விடுவாள், நெட்டையர் விட்டுப்போவார். பெரியப்பா மேசையைத் தட்டுவார்.

"நடுவுல ஸ்டாப்பை எடுத்துட்டீங்கன்னா எனக்கு ரூட்டே மறந்துபோகுது" என்று அவளும் தட்டுவாள்.

விருந்தன்று என்னையும் கூட்டிப் போனாள். நான் வராந்தா மேசையில் டிரைவர்களோடு உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது, உள்ளே எல்லாம் தெரிந்தது. கப்பல் தலைவர் வம்சம் சொன்னது, பல் டாக்டர் சொன்னார், தச்சர் வம்சத்துக் கிழவர் சொன்னார். பதினோராவது நாற்காலியின் முறை வந்தபோது பெரியப்பா எழுந்து நின்றார். பெரியம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தட்டுக் கதவு திறந்து அவள் முதுகில் இடித்தது.

"பீப்பாய்க்காரர்" என்றாள். "அவர் மகன் ஒற்றைக்காதர். அவர் மகன்..."

நின்றுவிட்டது. பெரியப்பா பின்னால் கையை நீட்டி விரலைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மேசையில் யாரோ இருமினார்கள். பல் டாக்டர் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அப்போது பெரியம்மா மூச்சை இழுத்தாள். கூட்டமான பஸ்ஸில் கடைசி சீட்டுவரைக்கும் கேட்க வேண்டும் என்றால் இழுப்பாளே, அந்த மூச்சு.

"பீப்பாய்க்காரர்! அவர் பொண்டாட்டி அனாதை இல்லத்துப் பொண்ணு, பெட்டியோட வந்தவ. அவங்க மகன் ஒற்றைக்காதர், ஆடு கடிச்ச காது! அவர் பொண்டாட்டி சிப்பாயோட விதவை, ரெண்டு பிள்ளையோட வந்தவ, மூணாவதா பெத்தது நெட்டையர். நெட்டையர் பொண்டாட்டி துணி வெளுக்கறவ. அவ கப்பல்ல வரல. நீங்கள்லாம் வந்து எறங்கறப்போ கரையில நின்னு பார்த்தாங்களே, அவங்க வீட்டுப் பொண்ணு!"

வராந்தாவில் டிரைவர்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள்.

"அவங்க மகன் எழுத்தர், கட்டினது மருத்துவச்சியை. அவங்க மகன் கோபக்காரர். கொடி எறங்கினப்போ பிரான்சுக்கே போறேன்னு பெட்டி கட்டினார். அவர் பொண்டாட்டி ரொட்டிக்காரர் மகள் பெட்டிமேல ஏறி உக்காந்துக்கிட்டா, எந்திரிக்கவே இல்ல. அவ எந்திரிச்சிருந்தா இன்னைக்கு இந்த நாற்காலி இல்ல! அவங்க மகன் தூங்குமூஞ்சி, கட்டினது தையற்காரியை, குடும்பத்தைக் காப்பாத்தினது ஊசி. அவங்க மகன் குழாய்க்காரர், இந்த ஊருக்கு முதல் தண்ணிக் குழாய் போட்டவர். அவர் பொண்டாட்டி பள்ளிக்கூட ஆயா, இதையெல்லாம் ஞாபகம் வச்சு மகனுக்குச் சொன்னவ. அவங்க மகன் இதோ, இவர். எட்டு! யாரையும் வழியில விடல!"

பெரியப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர.

"எங்க வம்சத்துலயும் ஒரு துணி வெளுக்கறவங்க உண்டு" என்றார் தச்சர் வம்சத்துக் கிழவர்.

"சும்மா இருங்கண்ணா" என்றாள் வராந்தாவிலிருந்து அவர் தங்கை.

பல் டாக்டர் எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கலக்கம்தான். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரோடு குனிந்து பேசினார்.

"எட்டுத் தலைமுறையும் வந்துட்டுது. அதிகமா வந்தது தப்புன்னு விதியில இல்ல" என்றார். "நாற்காலி எறங்காது. இனிமே வருஷா வருஷம் அம்மாவே வரட்டும். அவருக்குப் பின்னாடி நின்னு வரிசையைச் சொல்லட்டும். சொல்லிட்டு வெளியில போய் நிம்மதியா சாப்பிடட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கேட்டது கிடைத்துவிட்டது, நாற்காலி தப்பிவிட்டது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மேசையைச் சுற்றி, யார் காலும் மிதிபடாமல் வராந்தாப் பக்கம் நடந்து வந்தாள். எனக்குப் பக்கத்தில் அவளுக்கு நான் பிடித்து வைத்திருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். முகம் பூராவும் வியர்வை, கொஞ்சம் சிரிப்பு. சூப் கிண்ணங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், பெரியப்பா உட்காரவில்லை. தன் நாற்காலியை நன்றாக வெளியே இழுத்துத் திருப்பி வைத்தார். பிறகு கழுத்திலிருந்த துணியை எல்லோர் முன்னாலும் விலக்கி, விரலைத் துளையில் வைத்தார்.

"அவ உக்காரட்டும்" என்றார்.

கரடுமுரடான சத்தம். ஒரு குழந்தை பயந்து அம்மா மடியில் ஏறியது. "அப்ப நீங்க?" என்றார் பல் டாக்டர். பெரியப்பா அவர் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வாசற்படியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று அப்படியே நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவர் பார்க்க முடியாது. உதட்டைக் கடித்து, கண்ணைத் துடைத்து, முந்தைய முகத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க? காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."

விழாமல் என்ன? வராந்தாக் கோடியில் இருந்த டிரைவருக்கே விழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் எவ்வளவு மூச்சு செலவழிக்கிறார் என்று பார்த்தால் யாருக்கும் இன்னொரு தடவை கேட்க மனசு வராது. அவளுக்கு வந்தது. முப்பது வருஷமாகக் காத்திருந்தவள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

பெரியப்பா மார்பு நிறைய மூச்சை இழுத்தார். விரலைத் துளையில் அழுத்திக்கொண்டார்.

"என் பொண்டாட்டி உக்காரட்டும்" என்றார்.